வண்டியே பாதி ஆன்டெனா

ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக்கின் உடல் 2015ஆம் ஆண்டு மாடலிலிருந்து அலுமினியத்துக்கு மாறியது. பழைய வண்டியின் இரும்புக் கூரையில் இறுகப் பிடித்திருந்த சிபி ரேடியோவின் காந்த அடி ஆன்டெனாவைக் கழற்றி இதன் மேல் வைத்தால், முதல் வளைவிலேயே அது வழுக்கிக் கீழே வந்துவிடும். அலுமினிய வண்டியில் ஆன்டெனாவே வேலை செய்யாது போலிருக்கிறது என்று சிலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது தவறு. இரும்பைக் கேட்பது காந்தம்தான். ஆன்டெனா கேட்பது மின்சாரம் கடத்தும் ஓர் உலோகப் பரப்பை. அந்த வேலையை இரும்பைவிட அலுமினியம் நன்றாகவே செய்யும். அந்தப் பரப்பு எதற்கு என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

சிபி ரேடியோ, அதாவது சிட்டிசன்ஸ் பேண்ட், அமெரிக்க நெடுஞ்சாலைகளின் சொத்து. 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் சாதாரணக் குடிமக்கள் பேசிக்கொள்ள 1958இல் அங்கே அலைவரிசைகள் ஒதுக்கப்பட்டன. எண்ணெய் நெருக்கடியை ஒட்டி 1974இல் மணிக்கு 55 மைல் என்ற வேகக் கட்டுப்பாடு வந்தபோது, டீசல் எங்கே கிடைக்கிறது, போலீஸ் எங்கே நிற்கிறது என்று லாரி ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது இதில்தான். கூட்டம் தாங்காமல் 1977இல் 23 சேனல்கள் 40 ஆயின. கைப்பேசி வந்த பிறகும் 19ஆம் சேனலில் லாரிக்காரர்களின் பேச்சு ஓயவில்லை. சிக்னல் எட்டாத மலைப்பாதைகளில் வரிசையாகப் போகும் ஜீப்புகளும் பிக்கப்புகளும் இதையே நம்புகின்றன. நம் வீட்டுப் பிள்ளைகளின் ரிமோட் கார்கள் பலவும் இதே 27 மெகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில்தான் ஓடுகின்றன என்பதை இங்கே சொல்லி வைக்கலாம்.

அமெரிக்கச் சட்டம் அனுமதிப்பது 4 வாட். வழக்கமான ஏ.எம். முறையில் அதற்குமேல் ஒரு வாட் கூட்டினாலும் குற்றம். ஒரு சிறு எல்.இ.டி. பல்பின் மின்சாரத்தைக் கொண்டு சில கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவரைப் பேச்சால் எட்ட வேண்டும். ரேடியோ பெட்டி எந்தக் கடையில் வாங்கினாலும் இந்த 4 வாட்தான்; ஒருவர் குரல் தூரம் போவதும் மற்றவர் குரல் பக்கத்துத் தெருவிலேயே படுத்துவிடுவதும் ஆன்டெனாவால்தான்.

27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 11 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது ஏறக்குறைய இரண்டே முக்கால் மீட்டர் நீளக் கம்பியில் மின்னோட்டம் இயல்பாக முன்னும் பின்னும் ஊசலாடும். ஏன் அரைப் பங்கு வேண்டாம், கால் பங்கே போதும்? தெப்பக்குளக் கரையில் நிற்கும் கோபுரத்தைப் பாருங்கள். மேலே ஒரு கோபுரம், தண்ணீருக்குள் தலைகீழாக இன்னொன்று. கம்பிக்கு அடியில் உலோகப் பரப்பு இருந்தால் அது அந்தத் தண்ணீரின் வேலையைச் செய்கிறது: கம்பியின் மின்னோட்டத்துக்கு ஈடாகப் பரப்பிலும் மின்னோட்டம் ஓடி, கீழே ஒரு பிம்பக் கம்பி இருப்பது போன்ற விளைவைத் தருகிறது. கால் பங்கும் அதன் பிம்பமும் சேர்ந்து அரை அலை ஆன்டெனா. இந்தப் பரப்பைத்தான் கிரவுண்ட் பிளேன் என்கிறார்கள். எல்லாப் பக்கமும் இரண்டே முக்கால் மீட்டர் விரிந்திருந்தால் உத்தமம். அவ்வளவு பெரிய கூரை எந்தப் பிக்கப்புக்கும் கிடையாது. குளம் சிறியது, கோபுரம் பெரியது. கிடைக்கிற தண்ணீரில் எவ்வளவு பிம்பம் பிடிக்கலாம் என்பதே பாடு.

கடைகளில் 102 அங்குல எஃகுக் கம்பி கிடைக்கிறது. அடியில் 6 அங்குல ஸ்பிரிங் சேர்த்தால் 2.74 மீட்டர், சுருளும் தந்திரமும் இல்லாத முழுக் கால் அலை. அதைவிட நல்ல ஆன்டெனா சிபிக்கு இல்லை. தொல்லை, அதை வைப்பதில். இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரமுள்ள கூரையில் நட்டால் நுனி நாலரை மீட்டருக்கு மேல் போய்விடும். அமெரிக்க நகரப் பகுதி நெடுஞ்சாலைப் பாலங்களில் 14 அடி, அதாவது நாலேகால் மீட்டர் இடைவெளிதான் இருக்கும் இடங்கள் உண்டு. பெட்ரோல் பங்க்கின் கூரையோ, மரக்கிளையோ அந்தக் கணக்கைக்கூடப் பார்ப்பதில்லை.

அதனால்தான் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் குட்டை ஆன்டெனாக்கள். குட்டைக் கம்பியை 27 மெகாஹெர்ட்ஸுக்குப் பணிய வைப்பது எப்படி? வீணையில் விடை இருக்கிறது. அதன் நான்கு வாசிப்புத் தந்திகளும் ஏறத்தாழ ஒரே நீளம். ஆனாலும் அனுமந்தரம் சாரணியைவிட வெகு கீழே ஒலிக்கிறது, காரணம் அதன் எடை. ஆன்டெனாவில் அந்த எடையைத் தருவது கம்பிச்சுருள். சுருளுக்குள் மின்னோட்டம் சட்டென்று கூடாது, சட்டென்று குறையாது. ஒரு மந்தம் வந்துவிடும். குட்டைக் கம்பி அதனால் நெடுங்கம்பியின் தாளத்தில் ஊசலாடத் தொடங்குகிறது.

சுருள் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். மின்னோட்டம் அடியில் அதிகம், நுனியில் பூஜ்யம். அலையை வீசுவது மின்னோட்டம். சுருள் அடியில் இருந்தால் அதற்கு மேலே மின்னோட்டம் மளமளவென்று வடிந்துவிடுகிறது. சுருளை உச்சிக்கு நகர்த்தினால் அதற்குக் கீழுள்ள கம்பி நெடுகிலும் மின்னோட்டம் ஓரளவு நிறைந்தே இருக்கும். ஃபைபர் கிளாஸ் தடியின் மேல்பாதியில் கம்பியை நெருக்கமாகச் சுற்றி விற்பது இந்தக் காரணத்துக்காகத்தான். கையில் எடுத்துத் தடவினால், கீழே ஆங்காங்கே ஓடும் கம்பி நுனி அருகே நூல்கண்டுபோல அடர்வது விரலுக்கே தெரியும்.

இனி இடம். கூரையின் நடு மையத்துக்கு ஈடில்லை. துளை போட்டுப் பொருத்துவது இன்னும் நல்லது. புது வண்டியின் கூரையில் துளை போட யாருக்கும் மனம் வராது, அதனால் இரும்புக் கூரை என்றால் காந்த அடி. அதன் உலோகம் கூரையைத் தொடுவதே இல்லை, இடையில் பெயின்ட் இருக்கிறது. ஆனாலும் காந்தத்தட்டும் கூரையும் சேர்ந்து ஒரு மின்தேக்கியாகி, உயர் அதிர்வெண் மின்னோட்டத்தைக் கடத்திவிடுகின்றன. கூரை வேண்டாம் என்றால், கேபினுக்குப் பின்னால் குறுக்கே கிடக்கும் கருவிப்பெட்டி அடுத்த நல்ல இடம். பின்னாலுள்ள சரக்குத் தொட்டியின் பக்கச் சுவர் விளிம்பில் உள்ள சதுரக் குழிகளில் இறுக்கும் ஆன்டெனாத் தாங்கிகளும் உண்டு. எங்கே வைத்தாலும் தடியின் பெரும்பகுதி கேபின் கூரைக்கு மேலே தெரிய வேண்டும். கேபினுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பகுதி, கேபினைச் சூடாக்குவதோடு சரி.

பின் பம்பரில் 102 அங்குலக் கம்பியை நட்டு, வளைந்து ஆட விட்டுக்கொண்டு போவது பார்க்க அழகுதான். ஆனால் மின்னோட்டம் மிகுந்த அடிப்பகுதி வண்டியின் முதுகுக்குப் பின்னால் மறைந்துகொள்கிறது. இரட்டை ஆன்டெனா மோகத்துக்கும் ஒரு வார்த்தை: இரண்டுக்கும் இடையே கால் அலை இடைவெளியாவது இருந்தால்தான் அவை சேர்ந்து உழைக்கும். பெரிய லாரியின் பக்கக் கண்ணாடிகளுக்கு இடையே அந்த அளவு கிட்டத்தட்ட வரும். இரண்டு மீட்டர் அகலப் பிக்கப்பில் இரண்டாவது ஆன்டெனா அலங்காரம்.

பிக்கப்பின் உண்மையான சிக்கல் அது ஒரே பெட்டி இல்லை என்பது. கேபின் தனி, சரக்குத் தொட்டி தனி. கேபின் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருக்கிறது. தொட்டியின் விளிம்பில் ஆன்டெனாவை வைத்துவிட்டு முழு வண்டியும் கிரவுண்ட் பிளேன் என்று நினைத்துக்கொள்வது நம் நினைப்பு. மின்னோட்டத்துக்குத் தெரிவது பெயின்ட் பூசிய விளிம்பும் துருப்பிடித்த போல்ட்டும்தான்.

தாங்கியைக் கழற்றி, அது உட்காரும் இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். மேல் வண்ணம் போகும், பிறகு சாம்பல் நிற அடிப்பூச்சு, அதன் பிறகுதான் பளிச்சென்று உலோகம். பல் வைத்த வாஷரை இட்டு இறுக்கி, மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தாங்கியிலும் மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வைத்தால் பூஜ்யத்தை ஒட்டிய எண் வர வேண்டும். அடுத்து, ஆன்டெனா திருகும் நடுத்தண்டுக்கும் தாங்கிக்கும் இடையே பார்க்க வேண்டும். ஆன்டெனாவையும் கேபிளையும் கழற்றிய நிலையில் அங்கே தொடர்பே இருக்கக் கூடாது. தண்டைத் தாங்கியிலிருந்து பிரிக்கும் நைலான் வாஷரைத் தலைகீழாகப் போடுவது இந்தத் தொழிலில் மிகப் பழைய தவறு. தேய்த்த இடத்தின் ஓரங்களில் கிரீஸோ பெயின்டோ பூசாமல் விட்டால் ஒரு மழைக்காலத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

மல்டிமீட்டர் பூஜ்யம் காட்டியதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிட வேண்டாம். அது பேட்டரி மின்சாரத்தைக் கொண்டு பார்க்கிறது. 27 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் உலோகத்தின் தோலில் மட்டுமே ஓடும். செம்பில் அந்தத் தோலின் ஆழம் மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு சொச்சம், தலைமுடியைவிட மெல்லியது. ஆகவே தொட்டியையும் கேபினையும் இணைக்க உருண்டை ஒயர் போதாது. தட்டையாகப் பின்னிய செம்புப் பட்டை வேண்டும், அதுவும் முடிந்த அளவு குட்டையாக.

கடைசியாக எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர், அதாவது ஆன்டெனா ரேடியோவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் கருவி. ரேடியோவும் கேபிளும் 50 ஓம் என்ற கணக்கில் செய்யப்பட்டவை. ஆன்டெனா அதோடு பொருந்தாவிட்டால் அனுப்பிய மின்திறனில் ஒரு பகுதி திரும்பி வரும். அளவு 1.5 என்றால் திரும்புவது 4 சதவீதம். 2 என்றால் 11. 3 என்றால் 25, அதோடு ரேடியோவின் வெளியீட்டு டிரான்சிஸ்டருக்கும் ஆபத்து. வண்டியைச் சுவர்களிலிருந்து தள்ளி வெட்டவெளியில் நிறுத்தி, கதவுகளை மூடிவிட்டு, 1ஆம் சேனலிலும் 40ஆம் சேனலிலும் அளக்க வேண்டும். 1இல் அதிகம் என்றால் ஆன்டெனா குட்டை. 40இல் அதிகம் என்றால் நெட்டை. இந்த இரு சேனல்களுக்கும் கால் அலைநீளத்தில் உள்ள வித்தியாசம் நாலரை சென்டிமீட்டர்கூட இல்லை. எனவே வெட்டும்போது இரண்டு மூன்று மில்லிமீட்டராக வெட்ட வேண்டும். வெட்டிய கம்பியை ஒட்ட முடியாது. நுனியில் திருகு வைத்த ஆன்டெனாவாக இருந்தால் அந்தப் பயமில்லை.

இந்த மீட்டரை வணங்குகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அது பொய் சொல்வதில்லை, ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும்: எவ்வளவு திரும்பி வந்தது? திரும்பாதது வானில் போனதா, சூடாகிப் போனதா என்று அதற்குத் தெரியாது. ஆன்டெனாவுக்குப் பதில் 50 ஓம் ரெசிஸ்டரை மாட்டினால் மீட்டர் அற்புதமான 1 காட்டும். குரல் வாசலைத் தாண்டாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குட்டை ஆன்டெனா ஒன்றில் அலையாக வெளியேறும் பங்குக்கு உரிய தடை 5 ஓம், சுருளிலும் மோசமான கிரவுண்டிலும் வீணாவதன் தடை 45 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 50, மீட்டரில் 1. ஆனால் பத்தில் ஒரு பங்குதான் அலையாகிறது: 4 வாட்டில் 0.4. இப்போது பெயின்டைத் தேய்த்து, பட்டை கட்டி, வீண் தடையை 20 ஓமுக்குக் குறைக்கிறோம். மொத்தம் 25, மீட்டர் 2க்கு ஏறிவிட்டது. 11 சதவீதம் திரும்புகிறது. உள்ளே போன 3.56 வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு, சுமார் 0.7 வாட், அலையாகிறது. மீட்டர் கெட்டது, குரல் கூடியது. விவரம் தெரியாதவர் பட்டையைக் கழற்றிவிட்டு மீட்டர் 1க்கு இறங்கியதைப் பார்த்து மகிழ்வார். விவரம் தெரிந்தவர் பட்டையை விட்டுவிட்டு, தாங்கியின் அடியில் பொருத்துச் சுருள் ஒன்றைச் சேர்த்து மீட்டரை இறக்குவார்.

உண்மையைக் கேட்க வேறு மீட்டர் இருக்கிறது. அது ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் நண்பரின் ரேடியோவில், சிக்னல் அளவைக் காட்டும் முள். காலியான மைதானத்தில் பிக்கப்பை நிறுத்தி, பேசிக்கொண்டே கால் வட்டம் கால் வட்டமாகத் திருப்ப வேண்டும். ஆன்டெனா தொட்டியின் இடது பின்மூலையில் இருந்தால், வண்டியின் வலது முன்மூலை நண்பரை நோக்கும்போது முள் ஏறும்; ஆன்டெனாவிலிருந்து பார்த்தால் உலோகம் அதிகமாக விரிந்து கிடப்பது அந்தப் பக்கம்தான்.