எண்டூரன்ஸைத் தின்ன ஆளில்லை

2022 மார்ச் 5. அண்டார்க்டிகாவின் வெட்டல் கடலில், 3,008 மீட்டர் ஆழத்தில், நீர்மூழ்கிக் கருவியின் வெளிச்சம் ஒரு மரக்கப்பலின் பின்புறத்தில் விழுந்தது. எண்டூரன்ஸ் என்ற பெயரின் எழுத்துகள் ஒன்றுகூட அழியவில்லை. அதன் கீழே ஐந்து முனை நட்சத்திரம். மேல்தளத்தில் சுக்கான் சக்கரம் அப்படியே நின்றது. அண்டார்க்டிகாவை ஆராயப் போன எர்னஸ்ட் ஷாக்கிள்டனின் இந்தக் கப்பல் பனிக்கட்டிகளுக்கு நடுவே நசுங்கி மூழ்கியது 1915 நவம்பர் 21-ல். 106 வருடம்!

வெதுவெதுப்பான கடலில் கேட்பாரற்றுக் கிடக்கும் மரத்தைக் கப்பல் புழு சில வருடங்களிலேயே சல்லடையாக்கிவிடும். பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். தலைப்பக்கம் இருக்கும் இரண்டு குட்டி ஓடுகளை அரம்போல உரசி உரசி மரத்தைக் குடைகிறது. அந்த மரத்தூளைச் செரிக்க, அதன் செவுள்களில் வாழும் பாக்டீரியாக்கள் நொதி தருகின்றன.

அண்டார்க்டிகாவில் அந்தப் புழுவுக்கு வேலையே இல்லை. பல கோடி வருடங்களாக அங்கே மரம் கிடையாது. அப்புறம் மரம் தின்னும் உயிர் எதைத் தின்று வாழும்? கண்டத்தைச் சுற்றி ஓடும் பெரிய நீரோட்டம் வெளியிலிருந்து லார்வா என்னும் இளம் புழுக்களையும் மிதக்கும் கட்டைகளையும் எளிதில் உள்ளே வரவிடாது. ஆய்வாளர்கள் அங்கே மரத்துண்டுகளையும் திமிங்கில எலும்புகளையும் கடலடியில் ஒரு வருடத்துக்கு மேல் போட்டுவைத்துப் பார்த்தார்கள். எலும்பை அரிக்கும் புழுக்கள் மொய்த்துவிட்டன. மரம் போட்டபடியே கிடந்தது.

சரி, இருட்டில் கிடந்த கப்பல் எப்படிச் சிக்கியது? அந்தப் பெருமையில் பாதி கப்பல் தலைவர் ஃபிராங்க் வொர்ஸ்லிக்கு. அது மூழ்கிய அன்று மேகமூட்டம், சூரியனை அளக்க வழியில்லை. மறுநாள் செக்ஸ்டன்டில் (சூரியனின் உயரத்தை அளக்கும் கருவி) கிடைத்த அளவை வைத்து, பனி எவ்வளவு நகர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டு இடத்தைக் குறித்தார். அங்கிருந்து சுமார் 4 கடல் மைல் தெற்கே கப்பல் கிடந்தது. பனிப்பாளத்தின் மேல் கூடாரத்தில் உட்கார்ந்து போட்ட கணக்குக்கு இது அபாரமான துல்லியம்.

2019-ல் தேடப் போனவர்கள் தானாக இயங்கும் கருவியை அனுப்பி, பனிக்கடியில் அதையே தொலைத்துவிட்டார்கள். அடுத்த முறை கருவியை ஒளியிழை வடத்தில் கட்டி இறக்கினார்கள். அது எடுத்த படங்களைக் கோத்து உருவாக்கிய முப்பரிமாண மாதிரியில் சாப்பாட்டுத் தட்டுகள் தெரிகின்றன. பக்கத்தில், யாரோ விட்டுப்போன ஒற்றை பூட்ஸ்.