அலைன்மென்ட் வேறு, பேலன்சிங் வேறு, காற்று வேறு

டயர் கடைக்குக் காரைக் கொண்டுபோய் எந்தக் குறையைச் சொன்னாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அலைன்மென்ட், பேலன்சிங் பண்ணிடலாம் சார்." ஒரே மூச்சில் சொல்லிச் சொல்லி, இரண்டும் ஒரே வேலை என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒன்றைச் செய்து மற்றதன் கோளாறைத் தீர்க்க முடியாது. இரண்டுக்கும் அடங்காத கோளாறுகளும் நிறைய உண்டு. எது எந்த வகை என்று கார் வைத்திருப்பவரே பிரித்துப் பார்க்கலாம். அதற்குக் கண்ணும் கையும், காற்று அளக்க ஒரு சின்ன கேஜும் போதும்.

முதலில் ஸ்டியரிங் உதறல். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. பைபாஸில் ஏறி 80-ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பிக்கும். இது பேலன்சிங் கோளாறு. சக்கரத்தைச் சுற்றிலும் எடை சமமாக இல்லை என்று அர்த்தம். 60 செ.மீ. விட்டமுள்ள டயர், 100 கி.மீ. வேகத்தில் நொடிக்குக் கிட்டத்தட்ட 15 முறை சுற்றுகிறது. எடையைச் சமன்செய்ய ரிம்மில் ஒட்டியிருந்த 30 கிராம் வெயிட் ஒன்று விழுந்துவிட்டால், அந்த வேகத்தில் சக்கரத்தை ஏறக்குறைய நாலரை கிலோ எடைக்குச் சமமான விசை ஒவ்வொரு சுற்றிலும் எல்லாப் பக்கமும் பிடித்து இழுக்கும். வேகம் பாதியானால் இந்த விசை கால்பங்காகிவிடும். அதனால்தான் ஊருக்குள் தெரிவதில்லை.

சில கார்களில் 90-ல் வரும் உதறல் 120-ல் குறைந்துவிடும். சக்கரமும் சஸ்பென்ஷனும் சேர்ந்த அமைப்புக்கு நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை அதிரும் இயல்பு உண்டு. சக்கரத்தின் சுழற்சி அந்த எண்ணிக்கையோடு ஒத்துப்போகும் வேகத்தில்தான் நடுக்கம் உச்சத்துக்குப் போகும். "வேகமாகப் போனால் சரியாகிவிடுகிறது" என்று விட்டுவிடக் கூடாது. விசை குறையவில்லை, கூடிக்கொண்டேதான் போகிறது. பேரிங்கும் ஷாக் அப்சார்பரும் அதைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன.

ஸ்டியரிங் நடுங்கினால் முன்சக்கரத்தையும், சீட் நடுங்கினால் பின்சக்கரத்தையும் முதலில் சந்தேகிக்கலாம். மழைக்காலத்தில் கடைக்குப் போவதற்கு முன் ரிம்மின் உள்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவிப் பாருங்கள். அங்கே காய்ந்து ஒட்டிய சேறே எடையைக் குலைத்துவிடும். அலாய் ரிம்மில் சதுரமான ஒட்டுத் தடம் மட்டும் தெரிந்தால், அங்கிருந்த வெயிட் விழுந்துவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினால் டயரை விட்டுவிட்டு பிரேக் டிஸ்க்கைப் பாருங்கள்.

சரி, அலைன்மென்ட்? சக்கரங்கள் சாலையை எந்தக் கோணத்தில் தொடுகின்றன என்ற விஷயம் அது. அது கெட்டால் பொதுவாக உதறல் வராது. நேர்ச்சாலையில் கார் ஒரு பக்கம் இழுக்கும், ஸ்டியரிங் கோணலாக நிற்கும், எல்லாவற்றுக்கும் மேலாக டயர் ஒரு பக்கமாகத் தேயும். மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்கள் இரண்டும் கிட்டத்தட்ட இணையாக இருக்க வேண்டும். இந்தக் கோணத்துக்குப் பெயர் டோ. இது ஒரு சக்கரத்தில் கால் டிகிரி பிசகினால்கூட, ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் 4 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபடுவதற்குச் சமம். தார்ச்சாலையில் அப்படி உரசிக்கொண்டே போனால் ரப்பர் என்ன ஆகும்?

இதைக் கண்டுபிடிக்க, டயரின் முகப்பில், அதாவது சாலையில் படும் பகுதியில், உள்ளங்கையை வைத்து உள்ளிருந்து வெளியே ஒரு தரம், வெளியிலிருந்து உள்ளே ஒரு தரம் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் பட்டன் (முகப்பில் உள்ள ரப்பர் கட்டைகள்) விளிம்புகள் கூராகக் கையைத் தடுப்பதாகவும் இருந்தால் டோ பிசகியிருக்கிறது. உள் ஓரத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வெளியே நின்று பார்க்கையில் புதிது போலத் தெரியும் டயர், உள் ஓரத்தில் கம்பி தெரியும் அளவுக்கு மொட்டையாகியிருக்கும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து நிறுத்தினால் முன்டயரின் உள் ஓரம் கண்ணுக்குத் தெரியும்.

அலைன்மென்டுக்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. நான்கு டயரிலும் காற்றைச் சரியாக வைக்க வேண்டும்; சக்கரத்தை ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை ராட், சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் எதிலும் ஆட்டம் இல்லையென்று உறுதிசெய்ய வேண்டும். ஆட்டமுள்ள காருக்கு மெஷினில் வைக்கும் கோணம் அடுத்த பள்ளத்திலேயே மாறிவிடும். அலைன்மென்ட் செய்த பிறகும் கார் ஒரு பக்கம் இழுக்கிறதா? முன்டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுக்கும் பக்கமும் மாறினால் கோளாறு டயருக்குள் இருக்கிறது. ஒரே திசையில்தான் சுழல வேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயருக்கு மட்டும் இந்தச் சோதனை கூடாது.

இனி காற்று. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உயிர் போவது பெரும்பாலும் இதில்தான். டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவு. இதில் ஆபத்தானது குறைவான காற்றுதான். ஆனால் நம் ஊரில் வெயில் காலம் வந்ததும், "சூட்டில் டயர் வெடிச்சிடும், ரெண்டு பாயின்ட் குறைச்சே வைங்க" என்று சொல்லிக் காற்றைக் குறைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் மடிப்பில் சூடேறும். டயரிலும் அதுதான் நடக்கிறது. தரையில் படும் இடம் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. 100 கி.மீ. தூரம் ஓடினால் இது 50,000 தடவைக்கு மேல். நசுங்கும்போது ரப்பர் வாங்கும் ஆற்றல் முழுவதும் நிமிரும்போது திரும்பி வருவதில்லை. மிச்சம் வெப்பமாகத் தங்கிவிடுகிறது. காற்று குறைந்தால் நசுங்கல் அதிகம், சூடும் அதிகம். அந்தச் சூட்டில் ரப்பருக்கும் உள்ளேயுள்ள கம்பி அடுக்குக்கும் உள்ள பிடிப்பு விட்டுப்போகும். பல நேரம் வெடிப்பு இங்கேதான் தொடங்குகிறது.

வெயிலில் அழுத்தம் கூடுமே என்றால், கூடும்தான். காலையில் 30 டிகிரியில் 33 பிஎஸ்ஐ (கேஜ் காட்டும் காற்றழுத்த அலகு; கடையில் 'பாயின்ட்' என்பது இதுதான்) வைத்த டயர், ஓடி 60 டிகிரிக்குச் சூடானால் சுமார் 38 காட்டும். இந்த ஏற்றத்தையும் கணக்கில் எடுத்துத்தான் டயரை வடிவமைக்கிறார்கள். சூடான டயரில் 38 இருக்கிறதே என்று 33-க்கு இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் அது 29-க்கும் கீழே நிற்கும். நைட்ரஜன் நிரப்பினாலும் சூட்டில் அழுத்தம் ஏறத்தான் செய்யும். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தானே.

அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் டயர் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்களில் ஓடும்போதே டயரின் முகப்பு உரிந்து வந்து, கார்கள் உருண்டு பலர் இறந்தார்கள். டயரின் வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் குறைகள் பேசப்பட்டன. அவற்றோடு சேர்ந்து விவாதத்துக்கு வந்தது, ஃபோர்டு பரிந்துரைத்திருந்த 26 பிஎஸ்ஐ என்ற குறைந்த அழுத்தம். வெப்பமான தென்மாநிலங்களில்தான் இந்த விபத்துகள் அதிகம்.

உங்கள் காருக்கு எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்து நிரப்பக் கூடாது. கார் மூன்று மணி நேரமாவது ஓடாமல் நின்ற பிறகு அளக்க வேண்டும். ஸ்டெப்னியையும் சேர்த்து அளந்துவிடுங்கள்.

வேகத்தோடு கூடும் 'ஊம்' என்ற சத்தம் தனிக்கதை. டயரில் அங்கங்கே குழி விழுந்தாற்போல் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் போயிருக்கலாம். டயர் துள்ளித் துள்ளி ஓடியதன் தடம் அது. தேய்மானம் சீராக இருந்தும் சத்தம் வந்தால், ஓடும்போது ஸ்டியரிங்கை லேசாக இடம் வலம் திருப்பிக் கேளுங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது கூடி மறுபக்கம் குறைந்தால் அது வீல் பேரிங்.

கடைசியாகப் பக்கச்சுவர். முகப்பில் ஏறிய ஆணிக்குப் பஞ்சர் போடலாம், ஓட்டை 6 மி.மீ.க்குள் இருந்தால். பக்கச்சுவரில் போட முடியாது. அங்கே எஃகு அடுக்கு கிடையாது, ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும் இடம் வேறு. பள்ளத்தில் பலமாக விழுந்த பிறகு பக்கச்சுவரில் முட்டை போல வீக்கம் தெரிந்தால், உள்ளே நூலிழைகள் அறுந்து, மெல்லிய ரப்பர் மட்டும் காற்றைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு ரிப்பேர் கிடையாது. அங்கேயே ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு நேராகக் கடைக்குப் போய்ப் புது டயர் போட்டுவிடுங்கள். வீங்கிய டயரை ஸ்டெப்னியாகக்கூட வைத்துக்கொள்ள வேண்டாம்.