எழுதியவர் ஒருவர், பட்டியலில் நிற்பவர் வேறொருவர்

திருவாரூர்ப் பக்கம் ஒரு வேளாண் அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சம்பாவில் இலைச்சுருட்டுப் புழுவைக் கட்டுப்படுத்துவது பற்றி ஓர் அலுவலர் குறிப்பு எழுதி, ஊழியர்கள் பலரும் எழுதித் திருத்தக்கூடிய இணையதளமான அலுவலக விக்கியில் போடுகிறார். பக்கத்தைத் திறந்தால் அவர் பெயர் சரியாகவே இருக்கிறது. 'அண்மைக் குறிப்புகள்' பட்டியலிலோ அதற்கு நேரே கணினி ஆபரேட்டரின் பெயர். ஆனைக்கொம்பன், குலைநோய் என்று எதைத் தேடினாலும் ஆசிரியர் அவரே. மருந்தின் அளவில் ஐயம் கேட்டு அவருக்குத்தான் போன் வருகிறது. பாவம், அவர் என்ன சொல்வார்?

பக்கமும் பட்டியலும் ஒரே இடத்திலிருந்து வருவதாக நாம் எண்ணுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. விக்கியில் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பதிவாகிறது. பட்டியலைக் காட்ட வேண்டிய ஒவ்வொரு முறையும் இத்தனை பக்கங்களின் வரலாற்றையும் புரட்டினால் நேரமாகும். அதனால் தலைப்பு, தேதி, பெயர் ஆகியவற்றை மட்டும் பல மென்பொருள்கள் தனியே நகலெடுத்து வைத்துக்கொள்கின்றன. மூலத்தில் பெயரைத் திருத்தினாலும், அந்த நகலைப் புதுப்பிக்கும்வரை பட்டியல் பழைய பெயரையே காட்டும்.

நகல் புதிதாக இருந்தாலும் தப்பு வரலாம். தரவுத்தளத்தில் ஆளுக்கு ஓர் எண் உண்டு; ஒரு குறிப்பின் வரிசை ஏறத்தாழ இப்படி இருக்கும்: உருவாக்கியவர் 17, கடைசியாகத் திருத்தியவர் 23, சேவையகத்தில் ஏற்றியவர் 5. மூன்று எண்கள், மூன்று ஆட்கள். பட்டியலிலோ 'ஆசிரியர்' என்று ஒரே ஒரு கட்டம். நிரலர் இந்த மூன்றில் எதை எடுத்து அங்கே வைத்தாரோ, அவரே ஆசிரியர். 23-ஐ எடுத்திருந்தால், 'பயிற்' என்று விட்டுப்போன இடத்தில் ஒரு 'சி'யைச் சேர்த்தவர் முழுக் குறிப்புக்கும் உரிமையாளராகிவிடுவார்.

தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளவை போன்ற ஓலைச்சுவடிகளில், நூலைப் படியெடுத்தவர் தம் பெயரையும் முடித்த நாளையும் இறுதியில் எழுதிவைக்கும் வழக்கம் உண்டு. அதைப் பார்த்து அவரையே நூலாசிரியர் என்று எந்த அட்டவணைக்காரரும் எழுதமாட்டார். 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்னும் நிரல் மேலாண்மைக் கருவியும் இதே தெளிவோடு நடந்துகொள்கிறது: மாற்றத்தை எழுதியவருக்கு ஒரு புலம், அதைத் தொகுப்பில் சேர்த்தவருக்கு வேறொரு புலம்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கப் பொறியாளர் தேவையில்லை. ஏதாவது ஒரு பக்கத்தில் ஒரு காற்புள்ளியைச் சேர்த்துச் சேமியுங்கள். பட்டியலில் உங்கள் பெயர் வந்தால், அது கடைசியாகத் திருத்தியவரைக் காட்டுகிறது. பழைய குறிப்புகள் எல்லாவற்றிலும் ஒரே பெயர் இருந்தால், வேறு அமைப்பிலிருந்து அவற்றை மொத்தமாக மாற்றியபோது ஒருவருடைய கணக்கில் நுழைந்து ஏற்றியிருக்கிறார்கள். நம் ஆபரேட்டர் சிக்கியது இப்படித்தான். ஓர் இரவு கழித்துத் தானாகச் சரியானால், பழைய நகல்.

வேர்டு கோப்புகளிலிருந்து பெயரை எடுக்கும் அமைப்புகளில் வேறொரு வேடிக்கை. வேர்டு சேமிக்கும் டாக்எக்ஸ் (.docx) கோப்பு என்பது உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கி அடக்கிய ஒரு ஜிப் பொதி. அதற்குள் ஒரு சிறு கோப்பில் உருவாக்கியவர் பெயரும் கடைசியாகத் திருத்தியவர் பெயரும் தனித்தனியே கிடக்கின்றன. சென்ற ஆண்டின் சுற்றறிக்கையைத் திறந்து, உள்ளடக்கத்தை மாற்றி, புதுப் பெயரில் சேமிப்பதுதானே நம் அலுவலக வழக்கம்? உருவாக்கியவர் பெயர் அப்படியே தொற்றிக்கொண்டு வரும். எப்போதோ மாற்றலாகிப் போனவர் இந்த ஆண்டுக் குறுவைக் குறிப்புக்கும் ஆசிரியராக நிற்பார்.

பெயரின் நகல் பழசாகிப்போகும் சிக்கலுக்கு, கணினி அறிவியலாளர் இ. எஃப். காட் 1970-இல் வெளியிட்ட தொடர்புசார் தரவு மாதிரி அடிப்படை வழியைத் தந்தது. ஆளின் பெயரை ஓரிடத்தில் மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் எண்ணை எழுதினால், காட்டும் நேரத்தில் இரண்டையும் இணைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த எண் ஓர் ஆளைக் குறிக்க வேண்டும். பதவிக்கு ஒரு கணக்கு என்று வைத்து, வந்தவரிடமெல்லாம் கடவுச்சொல்லைக் கைமாற்றினால், புதியவர் தம் பெயரைப் பதிந்த அன்றே முந்தையவர் எழுதியவை எல்லாம் அவருடையதாகிவிடும்.

தமிழர்களுக்கென்றே ஒரு கோளாறும் இருக்கிறது. கோவிந்தசாமி மகள் கோ. செல்வி என்று வைத்துக்கொள்வோம். பதிவுப் படிவம் 'கடைசிப் பெயர்' கேட்கிறது. முதலெழுத்தை விரித்துத் தந்தையின் பெயரை அங்கே எழுதுகிறார். பட்டியல் கடைசிப் பெயரை மட்டும் காட்டும் வகையாக இருந்தால், விக்கிப் பக்கமே வராத கோவிந்தசாமி புழு மேலாண்மையில் நிபுணராகிவிடுவார். பெயருக்கு ஒரே கட்டம் வைத்து, அவரவர் எழுதியபடியே காட்டினால் இந்தத் தொல்லை இல்லை. மற்றதற்கு, பட்டியலில் இரண்டு கட்டங்கள் போதும்: 'எழுதியவர்', 'கடைசியாகத் திருத்தியவர்'. இரண்டாவதற்கு இடமில்லை என்றால், இப்போதுள்ள கட்டத்தின் தலைப்பையாவது அது உண்மையில் காட்டுவதற்கு ஏற்ப மாற்றிவிடலாம்.