அம்மாவின் கையிலிருக்கும் வேலையைப் பிடுங்காதீர்கள்

"அம்மாவுக்கு மறதி நோய் வந்துவிட்டது டாக்டர், ஒரு ஸ்கேன் எழுதிக் கொடுங்கள்." முதியோர் மருத்துவம் பார்க்கும் நான் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். போன வாரம் மறுபடியும். கும்பகோணம் பக்கத்தில் இருந்தவர், எழுபதைத் தாண்டியவர். கணவர் போனபின் மகன் சென்னைக்கு அழைத்து வந்துவிட்டார். அன்பான மகன்தான். ஏசி அறை, பெரிய டிவி, சமையலுக்கு ஆள். சில மாதங்களிலேயே அம்மாவுக்குப் பேச்சு குறைந்து, பகலெல்லாம் தூக்கம், ராத்திரியெல்லாம் விழிப்பு. அதற்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய, தூக்கம் வரவைக்கும் அல்பிரசோலம் மாத்திரை வேறு.

பிரஷர் பார்ப்பதற்கு முன்னால் நான் கேட்பது, "நேற்று காலையில் என்ன செய்தீர்கள்?" மகன் முந்திக்கொண்டார்: "ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை டாக்டர், முழு ரெஸ்ட்."

ஊரில் என்னம்மா செய்வீர்கள் என்றேன். 5 மணிக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலம், பால்காரரிடம் நாலு வார்த்தை, கொல்லைப் பூவைப் பறித்துத் தொடுத்துக் கோயில் என்று சொல்லிக்கொண்டே போனார். எந்தக் கோலம் என்று கேட்டதும், "15 புள்ளி, இடைப்புள்ளி 8" என்று என் மேஜையிலேயே விரலால் வளைத்துக் காட்டினார். தைராய்டு, பி12, ஞாபகச் சோதனை எல்லாம் பார்த்தோம். அவருக்கு இருந்தது மனச்சோர்வு.

"வயசானா ரெஸ்ட் எடுக்கணும்" என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்தவரையே மறுநாள் எழுப்பி நடக்க வைக்கிறோம். சும்மா உட்கார்ந்தால் வயதானவருக்குத் தசை வேகமாகக் கரையும். கரைந்ததைத் திரும்பப் பிடிப்பது பெரும் பாடு. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட உடலுழைப்பும், 3 நாளாவது சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டு வேலையும் உழைப்புக் கணக்கில் சேரும். குனிந்து நிமிர்ந்து கோலம் போடுவது உடம்புக்கு, புள்ளி எண்ணுவது மூளைக்கு, விடியல் வெளிச்சம் தூக்கத்துக்கு, பால்காரர் மனசுக்கு. இத்தனையையும் பிடுங்கிவிட்டுத் தூக்க மாத்திரை கொடுக்கிறீர்கள். அந்த மாத்திரை போட்டு ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து வந்தவர்களையும் நான்தான் பார்க்கிறேன். (ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேட்டுக் குறையுங்கள்.)

இனி பெரியவர்களிடம் ஒரு வார்த்தை. காபி, பேப்பர், பூங்காவில் அதே பெஞ்ச் என்று நிறைவாக இருப்பது நல்ல வாழ்க்கை. ஆனால் குளிக்கும் நேரம் தவறுமே என்று பேத்தி கல்யாணத்துக்குப் போகாமல் இருப்பது நிறைவில்லை ஐயா, பயம். காது கேட்கவில்லை, கருவி வைக்கச் சொன்னால் "இந்த வயசில் எதுக்குப் புதுசா" என்கிறீர்கள். மறதி நோய்க்கு வழிவகுக்கும், ஆனால் நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களை லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு 2024இல் பட்டியலிட்டது. கவனிக்காமல் விட்ட காது கேளாமையும், ஒதுங்கித் தனித்திருப்பதும் அதில் உண்டு. கருவி பழக வாரக்கணக்கில் ஆகும். முதலில் வீட்டில் அமைதியான நேரத்தில் போட்டுப் பழகுங்கள். புதியதைப் பழையதோடு ஒட்டிக்கொள்ளுங்கள்: அதே நடை, வேறு தெரு, காபி குடித்த கையோடு பேரனிடம் வீடியோ அழைப்பு கற்றுக்கொள்வது. ஒரு நேரத்தில் ஒன்று போதும்.

பிள்ளைகளே, அப்பா அம்மாவை இடம் மாற்றுகிறீர்களா? அவர்கள் எழும் நேரம், காபி நேரம், பூஜை நேரத்தை மாற்றாதீர்கள். பழைய கட்டிலும் டம்ளரும் கூடவே வரட்டும். ராத்திரி பாத்ரூம் வழியில் விளக்கு எரியட்டும். அவரைக்காய் நார் உரிக்கிற வேலையாவது அம்மாவுக்கு மிச்சம் வையுங்கள். கோலம் போட்டால் அசோசியேஷன் திட்டும் என்றால், தயவுசெய்து நீங்களே போய் அவர்களிடம் பேசுங்கள்.

ஒன்றே ஒன்றை மட்டும் இடமாற்றத்தின் தலையில் கட்டாதீர்கள். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று ஆள் தெரியாமல் குழறினால், சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், ரத்தத்தில் சோடியம் உப்பு குறைந்திருக்கலாம், பக்கவாதமாகவும் இருக்கலாம். "புது இடம், சரியாகிடும்" என்று காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். போகும்போது அவர் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.