எண்ணெய்க் கிணற்றுக்குள் எதற்குச் சேறு?

திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஓ.என்.ஜி.சி.யின் துளை போடும் ரிக் நிற்கிற இடத்துக்கு லாரி லாரியாக மூட்டை போகிறது. வெளியே வருவதோ சேறு. துளை போட எதற்கு சார் இத்தனை மூட்டை?"

காவிரிப் படுகையில் எண்ணெய் வந்த கதை தெரிந்ததுதான். கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் உடைந்தபோது விழுந்த பள்ளங்களில் வண்டல் நிரம்பியது. புதைந்த உயிர்ப்பொருள் வெந்து எண்ணெயாகிப் பாறையின் நுண்துளைகளில் தங்கியது. நரிமணத்தில் எடுப்பதும் அதைத்தான். மூட்டைக்கு வருவோம்.

ஒரு வகை மூட்டையில் இருப்பது பென்டோனைட் களிமண். கட்ச் பகுதியில் நிறையக் கிடைக்கிறது. தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே இறக்கினால், குழாய் நுனியில் பாறையைக் குடையும் 'பிட்'டின் துவாரங்களில் பீய்ச்சி, குழாய்க்கு வெளியே உள்ள இடைவெளியில் கல்தூளை அள்ளிக்கொண்டு மேலேறும். ஆனால் அடுத்த குழாயைப் பூட்டும்போதெல்லாம் பம்ப்பை நிறுத்தியாக வேண்டுமே! பாதி வழியில் இருக்கும் தூளெல்லாம் இறங்கி பிட்டை மூடிவிடாதா?

மூடாது. பென்டோனைட் துகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் தடிமனுள்ள தகடு. முகத்தில் எதிர்மின்னூட்டம், விளிம்பில் நேர்மின்னூட்டம். ஓட்டம் நின்றதும் ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் முகத்தில் ஒட்டி, சீட்டுக்கட்டு வீடுபோல் அடுக்கிக்கொள்ளும். சேறு கூழாக இறுகும். கல்தூள் இருந்த இடத்திலேயே அந்தரத்தில் நிற்கும். பம்ப் ஓடினால் வீடு சரியும், கூழ் மறுபடி நீராக ஓடும். எத்தனை முறை நிறுத்தினாலும் இதே கதைதான். எந்த வால்வும் இல்லாமல் களிமண் தானே செய்கிற வேலை இது! அலுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இன்னொரு மூட்டை பேரைட் என்ற தாதுப்பொடி. ஆந்திராவின் மங்கம்பேட்டைச் சுரங்கம் இதற்குப் பேர்போனது. தண்ணீரைவிட நான்கு மடங்குக்கு மேல் கனம். 3,000 மீட்டர் ஆழத்தில் வெறும் தண்ணீர் சுமார் 300 வளிமண்டல அழுத்தம்தான் தரும். கீழே வாயு அதைவிட முட்டினால் பேரைட்டைச் சேர்த்துச் சேற்றின் கனத்தைக் கூட்ட வேண்டும். அளவு மிஞ்சினால் பாறையே பிளந்து சேற்றைக் குடித்துவிடும். வாயுவின் கை ஓங்கினால் என்ன ஆகும் என்பதை 1995 ஜனவரியில் கோதாவரிப் பக்கத்துப் பாசர்லபூடி காட்டியது: கிணற்றிலிருந்து வாயு பீறிட்டுப் பற்றிய தீ 65 நாள் எரிந்தது.

மேலே வரும் கல்தூளை யாரும் அப்படியே கொட்டிவிடுவதில்லை. சல்லடையில் பிரித்து, கழுவி, புற ஊதா விளக்கில் காட்டுவார்கள். எண்ணெய் இருந்தால் ஒளிரும். கிணற்றின் கொள்ளளவையும் பம்ப்பின் வேகத்தையும் வைத்து அந்தத் தூள் எந்த ஆழத்தில் கிளம்பியது என்றும் கணக்கிட்டுவிடுவார்கள். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிற நம் ஊரில் இதை ஒருநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டினால் போதும்.

வாசகர் கேட்காத ஒன்று: வேலை முடிந்த சேறு எங்கே போகிறது? பென்டோனைட்டும் பேரைட்டும் பெரிய விஷமல்ல. கூடவே கலக்கும் ரசாயனங்களும் உப்பும்தான் வயலுக்குக் கவலை. 2020 வேளாண் மண்டலச் சட்டம் புதிய கிணறுகளைத் தடுக்கிறது, ஏற்கெனவே நடப்பவற்றை அல்ல. ஒவ்வொரு கிணற்றுச் சேற்றிலும் என்னென்ன சேர்த்தார்கள் என்ற பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் ஒட்ட வேண்டும் என்பேன். ரிக்கில் அன்றாடம் எழுதிவைக்கிற கணக்குதானே அது.