வாங்கிய விலை வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு

கிளிநொச்சியில் கணக்காளராக இருக்கும் என்னிடம் பரந்தன், விசுவமடுப் பக்கத்திலிருந்து பங்குகளைப் பற்றிக் கேட்டு வருபவர்கள் குறைவில்லை. கேட்பவர் இங்கே இருப்பார். பங்கு கனடாவில் மகனின் அல்லது மகளின் பெயரில் இருக்கும். அண்மையில் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் மகளின் தரகுக் கணக்கு அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு வந்தார். ஊரில் வீடு கட்ட ஒதுக்கிய காசில் பாதி, அமெரிக்கக் கணினித் தயாரிப்பு நிறுவனமொன்றின் பங்குகளில் முடங்கிக் கிடக்கிறது. வாங்கிய விலையைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டிருந்தார். இன்றைய விலை அதில் கால்வாசிகூட இல்லை. போதாக்குறைக்கு, விலை விழ விழ மகள் மேலும் மேலும் வாங்கியிருக்கிறார்.

"நல்ல கணினி, தம்பி. நானும் அதைத்தான் பாவிக்கிறேன். நிர்வாகம்தான் சரியில்லை. வாங்கிய விலைக்கு வந்ததும் விற்றுவிடச் சொல்லியிருக்கிறேன்."

கோபம் நியாயமானது. ஆனால் அந்த வட்டத்துக்குள் இருக்கும் விலைக்கும் நிறுவனத்தின் அடுத்த காலாண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. "இன்று இந்தக் காசு ரொக்கமாகக் கையில் இருந்தால் இதே பங்கை வாங்குவீர்களா, ஐயா?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஆப்பிள் நிறுவனத்தின் கதையை இழுத்தார்.

எல்லோரும் இழுப்பதுதான். 1997 நிதியாண்டில் 100 கோடி டொலருக்கு மேல் நட்டப்பட்ட ஆப்பிள், ஸ்டீவ் ஜொப்ஸ் திரும்பி வந்தபின் எழுந்தது உண்மை. மைக்ரோசொப்ட் அப்போது 15 கோடி டொலர் போட்டதும் உண்மை. எழாமல் போனவற்றை யார் சொல்கிறார்கள்? கணினி நிறுவனமான கொமடோர் 1994இல் வங்குரோத்தானது. மாட்டுப் புள்ளி போட்ட பெட்டிகளில் கணினி அனுப்பிய கேட்வேயின் பங்கு 1999 இறுதியில் 80 டொலரைத் தாண்டியிருந்தது. 2007இல் ஏசர் அதை வாங்கியபோது பங்கொன்றுக்குக் கொடுத்தது 1.90 டொலர். அதன் கணினியும் நல்ல கணினிதான்.

இந்தத் தொழிலின் கணக்கே அப்படி. கணினியின் மூளையான செயலியைப் பெரும்பாலும் இன்டெல்லிடமோ ஏஎம்டியிடமோ வாங்க வேண்டும், விண்டோஸை மைக்ரோசொப்டிடம். போட்டியாளருக்கும் அதே சரக்குத்தான். விற்பனைத் தொகை பெரிதாகத் தெரியும், மிஞ்சுவது சொற்பம். நெல்லை மூட்டை கட்டி வைத்து விலைக்குக் காத்திருக்கலாம். விற்காத கணினியோ களஞ்சியத்தில் மாதாமாதம் விலை இழக்கும். ஆகவே ஆண்டறிக்கையில் நான் முதலில் பார்ப்பது தலைவரின் கடிதத்தை அல்ல. விற்பனை குறையும்போது விற்காத சரக்கின் இருப்பு கூடுகிறதா, தொழிற்பாட்டுக் காசுப்பாய்ச்சல் எதிர்மறையா (அதாவது, அன்றாடத் தொழிலில் வரும் காசைவிடப் போகும் காசு கூடவா), அந்த ஓட்டையை அடைக்கப் புதிய பங்குகள் வெளியிடுகிறார்களா? அதிபர் கொண்டுவந்த நிறுவனத்தில் மூன்றும் இருந்தன. நிறுவனம் கலைக்கப்பட்டால் கடன் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் பின்னால்தான் சாதாரண பங்குதாரர் நிற்க வேண்டும்.

மேலும் வாங்குவதை உடனே நிறுத்தச் சொன்னேன். விற்பதானால், கனடாவில் வரிக் கணக்கில் அந்த மூலதன நட்டத்தை (விற்றதில் வந்த நட்டத்தை) மூலதன இலாபத்துக்கு எதிராகக் கழிக்கலாம். 3 ஆண்டுகள் பின்னோக்கியும் கொண்டுபோய், அந்த ஆண்டுகளின் மூலதன இலாபத்திலும் கழிக்கலாம். ஆனால் விற்று 30 நாட்களுக்குள் அதே பங்கைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டால் அப்போதைக்கு அந்தச் சலுகை கிடையாது. ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கில் இருக்கும் பங்குகளுக்கும் இந்த நட்டக் கழிவு பொருந்தாது.

இன்னொன்று. நட்டப்பட்டு எரிச்சலோடு இருப்பவர்களைத் தேடித்தான் வாட்ஸ்அப்பில் ஆட்கள் வருகிறார்கள்: "இழந்ததை ஒரே மாதத்தில் மீட்டுத் தருகிறோம்." கொழும்புப் பங்குச் சந்தைத் தரகர் என்று சொன்னால், அவர் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் அனுமதி பெற்றவரா என்று ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பாருங்கள். தனிநபர் ஒருவரின் வங்கிக் கணக்குக்குக் காசு போடச் சொன்னால் பேச்சை அத்தோடு நிறுத்துங்கள்.