பெற்றோல் சொட்டினால் கயிற்றை இழுக்காதீர்கள்

மாரி மழை ஓய்ந்து தை பிறக்கும்போது வளவெல்லாம் புல் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். மாதக்கணக்கில் மூலையில் கிடந்த புல் வெட்டும் மெஷினை அப்போதுதான் வெளியே எடுப்பார்கள். மட்டக்களப்பு ஆரையம்பதியில் சின்ன எஞ்சின்கள் திருத்தும் எனக்கு அந்த நாட்களில் வரும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேட்டருக்குக் கீழே பெற்றோல் சொட்டுகிறது.

போன வருடம் கல்லடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் மெஷினைக் கொண்டுவந்தார். "மனே, கீழ் நட்டை நல்லா இறுக்கிப் பார்த்தன், நிக்குதில்ல. ரெண்டு கிழமையா குசினிக்குப் பக்கத்துலதான் வெச்சிருக்கன்" என்றார். எனக்குப் பகீரென்றது. பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரமானது. மேலே போய்க் கலையாமல் நிலத்தோடு ஊர்ந்து, தள்ளியிருக்கும் அடுப்பைக்கூடத் தேடிப் போகும். மைனஸ் 40 பாகைக் குளிரிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும் பொருள் அது. நம்முடைய வெயிலில் கேட்கவே வேண்டாம். ஒழுகும் மெஷினை முதலில் வெளியே காற்றோட்டமான இடத்துக்குத் தள்ளுங்கள். பிளக் கம்பியைக் கழற்றுங்கள். பிறகுதான் மற்ற வேலை.

ஒழுகும் இடத்தில்தான் பழுது இருக்கும் என்றில்லை. மேலே கசிவது உடம்பு வழியாக இறங்கி, கீழ் நட்டில் வந்து துளியாகத் தொங்கும். அதனால்தான் பலர் நட்டை இறுக்கி இறுக்கி மரையைக் கெடுக்கிறார்கள். எல்லாவற்றையும் சீலைத் துண்டால் துடைத்துக் காயவிட்டு, அடியில் பழைய பேப்பர் விரித்து, டாங்கியிலிருந்து பெற்றோல் வருவதை நிறுத்தும் திறப்பைப் பூட்டிவிட்டுப் பாருங்கள். பூட்டிய பிறகும் சொட்டினால் டாங்கியிலோ, திறப்பிலோ, அதற்கு மேலுள்ள ஹோஸிலோ கோளாறு. ஹோஸ் பெரும்பாலும் கிளிப் கடிக்கும் நுனியில்தான் வெடிக்கும். வளைத்துப் பார்த்தால் மயிரிழை போல் கீறல் தெரியும். பூட்டியதும் நின்றால் பழுது காபரேட்டர் பக்கம்.

அந்த ஆசிரியர் சேரின் மெஷினில் பூட்டியதும் நின்றது. ஏர் பில்டரைக் கழற்றினேன், பஞ்சு பெற்றோலில் ஊறிக் கிடந்தது. காபரேட்டரின் அடியில் பெற்றோல் தேங்கும் கிண்ணத்து ரப்பர் வளையம் மட்டும் போயிருந்தால் பில்டர் நனையாது. கிண்ணம் நிரம்பியதும் மிதவை எழும்பி, நீடில் என்ற கூரான ஊசியால் பெற்றோல் வரும் வழியை அடைக்கவேண்டும். அது அடைக்கவில்லை என்று அர்த்தம். கிண்ணத்தைத் திறந்து மிதவையை எடுத்துக் காதருகே குலுக்கினேன். களக் களக் என்றது. மிதவைக்குள் பெற்றோல் புகுந்து, அது மிதக்காமல் அமிழ்ந்திருந்தது. நீடிலின் கூரிலும் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஒரு வளையத் தேய்வு. பழைய பெற்றோலை மாதக்கணக்கில் விட்டுவைத்தால் அந்தக் கூரில் பிசின் பிடிக்கும். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் தொற்றிய, போத்தலில் சேர்த்துவைக்கும் பழக்கத்தைச் சிலர் இன்னும் விடவில்லை. தயவுசெய்து விடுங்கள்.

சிலிக்கோன் பூசி அடைப்பதும் வேண்டாம். சாதாரண சிலிக்கோன் பெற்றோலில் ஊதிக் கழன்றுவிடும், கழன்ற துண்டு ஜெட் என்ற சின்னத் துளைக்குள் போய் அடைக்கும். அலகைக் கழுவ மெஷினைச் சரிப்பவர்கள் காபரேட்டர் மேல்பக்கம் வரும்படி சரிக்கவேண்டும். மாறிச் சரித்தால் பழுதில்லாத மெஷினும் ஒழுகும்.

புது மிதவையும் நீடிலும் போட்டுத் திறப்பைத் திறந்தேன். அரை மணித்தியாலம் பார்த்தோம், பேப்பர் காய்ந்தே இருந்தது. சேர் ஸ்டார்ட் பண்ணும் கயிற்றைப் பிடித்துவிட்டார்.

"இப்ப இழுக்கலாந்தானே மனே?"

"பொறுங்க சேர்" என்று ஒயில் பார்க்கும் கம்பியை உருவிக் காட்டினேன். ஒயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றது, தண்ணீராய் வழிந்தது. மணந்து பார்த்தவர் முகம் மாறியது. நிரம்பி வழிந்த பெற்றோல் சிலிண்டர் வழியாக ஒயிலுக்குள் இறங்கியிருந்தது. அதோடு ஓட்டியிருந்தால் பிஸ்டனும் பேரிங்கும் உராய்ந்து தேய்ந்திருக்கும். பழைய ஒயிலை வடித்துப் புதிது ஊற்றிய பிறகு கயிற்றை அவர் கையில் கொடுத்தேன்.